பலகைச் சண்டை

தராசுக்காரர் அந்நிய மண்ணில் கால் வைத்துப் பதினோரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுண்டர் முன்னால் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அங்கிருந்த விலைப்பலகையைக் கைதியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆயிரத்துக்கு அந்த ஊர்ப் பணம் பதினான்கு புள்ளி பத்து என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், கமிஷன் கிடையாது என்று போட்டிருந்தது.

"வா, போகலாம்," என்றார் மனைவியிடம்.

"ஏங்க, ஒரு டீ குடிக்கவாவது கொஞ்சம் மாத்திக்கலாமே."

"எடைக்கூலி கிடையாதுன்னு எழுதி வச்ச கடையிலதான் நான் கள்ளப் படிக்கல் அதிகமா பிடிச்சிருக்கேன். நீ வா."

பக்கத்தில் ஏ.டி.எம். ஒன்று இருந்தது. அட்டையைச் செருகியதும் அது மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: கணக்கை உங்கள் ஊர்ப் பணத்திலேயே போட்டுத் தரட்டுமா? தராசுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் ஊர்ப் பணத்துல கணக்குப் போட இவனுக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்று மூன்று நிமிடம் யோசித்தார். மெஷின் பொறுமை இழந்து அட்டையை வெளியே துப்பியது. கூட்டிப்போக வந்திருந்த மாப்பிள்ளை அசந்துபோனார். "எல்லாரும் ஆமான்னு அமுக்கிட்டு நூத்துக்கு ஆறு ஏழு விட்டுட்டு வருவாங்க மாமா. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கேட்ட விதம் சரியில்ல, மாப்பிள்ளை. ரொம்பத் தேன்."

எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவர் அவர். தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்திருந்த ஈயையும் சேர்த்து நிறுத்துவிட்டதாக ஒரு வியாபாரிமேல் வழக்குப் போட்டவர். ஈயின் எடையைத் தனியாக நிரூபிக்க அதே ஈயைப் பிடிக்க வேண்டியிருந்ததால் வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. குறை இல்லாத தராசு கிடைத்தால் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து 'எடை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தப் பாக்கியம் பெற்ற கடைகள் ஒன்பது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் தையலம்மா என்பார்கள். மகள் வீட்டுக்கு ஐந்து வார விருந்தாக வந்திருந்தார்கள். தையலம்மாவின் கைப்பையில் ஒரு கவர் இருந்தது. அதில் ஆயிரத்து நோட்டு அறுபது. அத்தனையும் ரவிக்கை தைத்துச் சேர்த்தது. இரண்டு வருடமாகக் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிப் போய்விட்டது. நூலைத் தானே கோர்த்துக்கொள்ளும் தையல் மெஷின் ஒன்று இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். அது கிடைத்தால் தொழில் நடக்கும். இல்லையென்றால் ஊருக்குப் போனதும் வாசலில் தொங்கும் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

"மாத்துற வேலை உங்களோடது," என்று அவள் சொல்லியிருந்தாள். தராசுக்காரர் அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

நான்கு வாரம் ஊரை அளந்தார். பதினேழு இடத்து விலையைக் குறிப்புப் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு ஏற்றினார். கடைவீதிகளில் எல்லாப் பலகையும் இடது பக்கமே இருந்ததால் எப்போதும் இடது பக்கம் சாய்ந்தே நடந்து, இடது செருப்பு மட்டும் தேய்ந்து காகிதமாகிவிட்டது. ஆனால் ஒரு நோட்டைக்கூட மாற்றவில்லை. நாளைக்கு ஏறும் என்று ஒவ்வொரு நாளும் அவருக்குத் தோன்றியது.

கடைசி வாரம், திங்கட்கிழமை, மெஷின் கடைக் கண்ணாடியில் சீட்டு ஒட்டினார்கள். காட்சிக்கு வைத்திருந்த அந்த ஒரே மெஷின், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு தள்ளுபடி முடிகிறது. பேரம் கிடையாது. ஞாயிறு காலை இவர்களுக்கு விமானம்.

மாப்பிள்ளை போனில் கணக்குப் போட்டார். "ஆயிரத்துக்குப் பதினாறரை கிடைச்சாதான் சரியா வரும் மாமா. ஊர்ல இப்ப பதினஞ்சே முக்கால்தான் ஓடுது. கொஞ்சம்தானே குறையுது, நான் போட்டுடறேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை," என்றாள் தையலம்மா. "இது நான் தச்ச காசு. இதுல வர்றதுதான் என் மெஷின். வரலைன்னா அது என்னுது இல்ல. அவ்வளவுதான்."

அவள் 'அவ்வளவுதான்' என்று சொன்னால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. தராசுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், நேருக்கு நேராக இரண்டு பணமாற்றுக் கடைகள். பதினெட்டாவது, பத்தொன்பதாவது. இரண்டிலும் காந்த எண்கள் ஒட்டிய கறுப்புப் பலகை. இரண்டிலும் பதினைந்து எண்பது. கிழக்குக் கடையில் தொப்பை வைத்த ஒரு மனிதர், மேற்குக் கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. இரண்டு பேரும் பல வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். தராசுக்காரர் மனதுக்குள் கிழக்கார், மேற்கம்மா என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஏறுமா தம்பி?" என்று கிழக்காரிடம் கேட்டார்.

"ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். ஐயா, ஒரு உதவி. எதிர்க் கடையில சொல்லிடறீங்களா? வீட்ல கேஸ் தீர்ந்துடுச்சு, நான் ஃபோன் பண்ணிட்டேன்னு."

"எதிர்க் கடைக்கும் உங்க வீட்டு கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"என் சம்சாரம்தான்."

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்புவரை அது ஒரே கடை. ஒருநாள் மேற்கம்மா ஒரு கட்டு நோட்டை எண்ணி வாடிக்கையாளரிடம் நீட்டினாள். கிழக்கார் அதை நடுவில் வாங்கி இன்னொரு முறை எண்ணினார். அந்தத் தொழிலில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஒருவர் எண்ணி மூடிய கட்டை, வாடிக்கையாளர் பார்க்க, கூட இருப்பவர் பிரித்து எண்ணுவதில்லை. மறுநாளே அவள் எதிரில் காலியாகக் கிடந்த குடை ரிப்பேர் கடையை வாடகைக்கு எடுத்துப் பலகை மாட்டிவிட்டாள். இரண்டு பேரும் காலையில் ஒரே காரில் வருவார்கள், மாலையில் ஒரே காரில் போவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புவார்கள்.

தராசுக்காரர் தெருவைக் கடந்து சேதியை ஒரு கிராம் கூடாமல் குறையாமல் சேர்த்தார்.

"அதை வர்ற வழியில கார்ல சொல்ல வாய் வலிக்குதாமா?" என்ற மேற்கம்மா, எழுந்து போய்ப் பலகையில் எட்டை எடுத்துவிட்டு ஒன்பது போட்டாள். பதினைந்து தொண்ணூறு. கிழக்கார் எட்டிப் பார்த்தார். தன் பலகையிலும் ஒன்பது போட்டார். பூஜ்யத்தை எடுத்து ஐந்தும் போட்டார்.

தராசுக்காரர் தெரு நடுவில் நின்றார். பதினேழு இடத்தில் நான்கு வாரம் தேடியது இங்கே ஒரு கேஸ் சிலிண்டரில் நகர்கிறது.

முப்பத்து நான்கு வருடம் எடையில் ஒரு சிட்டிகை கூட்டியவனை எல்லாம் பிடித்தவர், தானே சேதியில் ஒரு சிட்டிகை கூட்டத் தீர்மானித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை மேற்கம்மா சொன்னாள்: "அவர் மாத்திரை டப்பா என் பையிலேயே வந்துடுச்சு. குடுத்துடுங்க."

தராசுக்காரர் டப்பாவைக் கிழக்கார் முன்னால் வைத்தார். "குடுத்துடச் சொன்னாங்க தம்பி. வேணும்னா எண்ணிப் பாத்துக்கச் சொன்னாங்க."

கிழக்காரின் காது சிவந்தது. பலகை பதினாறைத் தொட்டது. "அங்க சொல்லுங்க, இன்னைக்கு எனக்கு நேரமாகும், காரை அவளே எடுத்துட்டுப் போகட்டும்."

"காரை எடுத்துட்டுப் போகச் சொன்னாரும்மா," என்றார் தராசுக்காரர் மேற்குக் கடையில். கொஞ்சம் தயங்குவதுபோலத் தயங்கினார். "ஓட்டத் தெரிஞ்சவங்கதான் ஓட்டணும், என்ன செய்றதுன்னு அவரா முனகிக்கிட்டார். அது சேதியில சேருமா சேராதான்னு எனக்குத் தெரியல."

பதினாறு பதினைந்து. தெருவின் அந்தக் கோடியில் நின்றிருந்த டாக்சிக்காரர்கள் இரண்டு பேர் பர்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இன்னும் முப்பத்தைந்து பைசா. புதன்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று தராசுக்காரர் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் இரண்டு பலகையிலும் பதினைந்து தொண்ணூற்றைந்து.

அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கும் பாடுபட்டு, சாம்பார் உப்பு என்று வந்த ஒரு சாதாரணச் சேதியை 'சாம்பாரும் உப்பு' என்று ஓர் 'உம்' மட்டும் சேர்த்துக் கொடுத்து, பதினாறு இருபது வரை ஏற்றினார். வியாழன் காலை பதினைந்து எண்பத்தைந்து. மதியத்துக்குள் பதினாறு முப்பது. வெள்ளி காலை பதினைந்து தொண்ணூறு. பகலில் அவர் ஏற்றுவதை யாரோ கூடவே வந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உலகச் சந்தை மாமா," என்றார் மாப்பிள்ளை, போனில் கோணல்மாணலாக ஒரு கோட்டைக் காட்டி. "எங்கேயோ எண்ணெய் விலை இறங்கியிருக்கும். எங்கேயோ வட்டியை ஏத்தியிருப்பாங்க."

"வட்டியை ஏத்தினா இந்தத் தொப்பைக்காரர் எதுக்கு சிரிச்ச முகமா இருக்கார்?"

"யார் மாமா?"

"ஒண்ணுமில்ல. நீங்க எண்ணெயைப் பாருங்க."

காலையில்தானே அவர் போகிறார். மதியத்துக்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனார். மேற்குக் கடையில், கவுண்டருக்கு உள்பக்கம், ஸ்டூலில் தையலம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய சட்டை. பெரிய தொப்பைக்கான சட்டை. ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, மேற்கம்மாவே நூல் கோர்த்துக் கொடுக்க, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள் கணவரைப் பார்த்து, ஏதோ வீட்டுக் கூடத்தில் பார்ப்பதுபோல. "நூல் வாங்க இந்தப் பக்கம் தினமும் வருவேன். பாவம், நல்ல ஜோடி. நான்தான் அங்கயும் இங்கயும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு இருக்கேன். நேத்து, முகமே வாடிப்போச்சுன்னு இவங்க வருத்தப்பட்டதா அவர்கிட்ட சொன்னேன். பொசுக்குனு கண்ணு கலங்கிட்டார்."

"நீ எதுக்கு..." என்று ஆரம்பித்தார் தராசுக்காரர்.

"கேளுங்க. தினமும் காலையில எவனோ ஒரு பாவி வந்து இவங்களுக்குள்ள மூட்டி விட்டுட்டுப் போறானாம். வழுக்கையாம். இடது செருப்பு தேஞ்சிருக்குமாம்."

தராசுக்காரர் இடது காலை வலது காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மேற்கம்மா கண்ணாடிக்கு மேலாக அந்தக் காலையே பார்த்தாள்.

வீட்டு வாசலில் அவர் சொன்னார்: "உனக்குத்தானே மெஷினு. உனக்காகத்தானே."

"தெரியும். அதுக்காக அந்தப் பொண்ணு சோறு தின்னாம இருக்கணுமா?"

"அவங்க ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் தின்னுறாங்க. நான் பாத்தேன். டிபன் கேரியர்ல நாலு அடுக்கு."

சனிக்கிழமை பதினொன்றரைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். மேற்குக் கடையின் ஷட்டர் மூடியிருந்தது. கிழக்குக் கடையில் கிழக்காரும் மேற்கம்மாவும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான்கடுக்கு டிபன் கேரியர். பலகையில் பதினைந்து நாற்பது. சமாதானமானவர்கள் வியாபாரத்தில் எவ்வளவு ஒற்றுமையாக இருப்பார்கள் என்பதைத் தராசுக்காரர் அன்றுதான் பார்த்தார்.

"வாங்க ஐயா," என்றார் கிழக்கார். "சாம்பாரும் உப்புன்னு சொன்னேனாமே நான்?"

"ஒரு 'உம்'தான் தம்பி. கை தவறி விழுந்துடுச்சு."

"இன்னைக்கு பதினஞ்சு நாப்பதுதான். உங்களுக்கு அதுவே அதிகம்."

தராசுக்காரர் மனதுக்குள் பெருக்கினார். தொள்ளாயிரத்து இருபத்து நான்கு. அறுபத்தாறு குறைகிறது. மனைவியைப் பார்த்தார். அவள் பதற்றமே இல்லாமல் பையைத் திறந்தாள், கவரை எடுத்தாள். "அறுபது இருக்கு. காலையில நான் எண்ணிட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, கவரை அவர் கையில் வைத்தாள்.

அவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருடம் எதை வைத்தாலும் சோதித்துப் பழகிய கை. தூக்கத்தில் ஒரு நோட்டைக் கொடுத்தாலும் வெளிச்சம் தேடித் திரும்பிப் படுக்கும். கவரைப் பிரித்தது. விரல் தானாக நாக்கில் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டது.

மேற்கம்மா டிபன் கேரியரிலிருந்து நிமிர்ந்தாள்.

"நான் எண்ணிட்டேன்னு சொன்னேன்," என்றாள் தையலம்மா.

"ஆமா, சொன்ன. பதினொண்ணு, பன்னெண்டு..."

"நாலு பேர் முன்னாடி நான் எண்ணினதை எண்ணுறீங்க."

"எண்ணினா என்ன தேஞ்சா போயிடும்?" என்றார் அவர்.

"அதைத்தான் நானும் அன்னைக்குக் கேட்டேன்," என்றார் கிழக்கார் பெருமூச்சோடு. வெளியே வந்துவிட்ட பிறகுதான் அது எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரிந்தது.

மேற்கம்மா டிபன் கேரியரை மெதுவாக மூடினாள். "என்ன கேட்டீங்க?"

"இல்லம்மா, பொதுவா. பணம்னா யாரா இருந்தாலும்..."

"யாரா இருந்தாலும் ரெண்டாவது தடவை எண்ணணும். அப்ப முதல் தடவை நான் எதுக்கு எண்ணணும்? வாங்க அக்கா." காந்த எண்கள் வைத்திருந்த டப்பாவை ஒரு கையில், ஸ்டூலை ஒரு கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய் ஷட்டரைத் தூக்கினாள். தையலம்மா பின்னாலேயே போனாள். போகிறபோது கணவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கவரை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போனாள்.

மணி பன்னிரண்டு ஆக ஐந்து. மேற்கே பதினைந்து அறுபது. கிழக்கே பதினைந்து எழுபது. மேற்கே தொண்ணூறு. கிழக்கார் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தைப் பிடுங்கி ஆறும், ஏழைப் பிடுங்கிப் பூஜ்யமும் போட்டார்: பதினாறு. காந்த எண்கள் டக் டக் என்று ஒட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. டாக்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். எட்டாம் நம்பர் பேருந்து நின்றது. பயணிகள் கோபப்பட ஆரம்பித்து, ஓட்டுநர் எங்கே போகிறார் என்று பார்த்ததும் அவர்களும் இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பல் டாக்டர் ஒருவர் வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியோடு வந்ததாகவும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, நோயாளியே சொன்னது.

பதினாறு இருபது. பதினாறு முப்பத்தைந்து. பதினாறு நாற்பத்தைந்து.

அங்கே நின்றுவிட்டது. கிழக்கார் கையில் ஒரு ஐந்தையும் பூஜ்யத்தையும் வைத்துக்கொண்டு ஒட்டாமலே நின்றார். மேற்கம்மாவும் நெற்றியைத் துடைத்தாள். இதற்கு மேல் போனால் கைக்காசு. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. தொள்ளாயிரத்து எண்பத்தேழு, மூன்று குறைகிறது.

தையலம்மா தெரு நடுவுக்கு வந்தாள். தராசுக்காரரும் வந்தார். இரண்டு பலகைக்கும் நடுவில் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"இன்னும் அஞ்சு," என்றாள் அவள், உதடு அசையாமல். பிறகு கவரை அவர் நெஞ்சில் குத்தி, தெருவுக்கே கேட்க: "இந்தாங்க. ஆசை தீர இன்னொரு தடவை எண்ணுங்க."

தராசுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் அவர் மனைவியை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை. விரலை நாக்கில் வைத்து, நிதானமாக, ஒவ்வொரு நோட்டையும் வெயிலில் தூக்கிக் காட்டி எண்ணினார். முப்பத்தேழில் வேண்டுமென்றே நிறுத்தி, "விட்டுப் போச்சு," என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

மேற்குப் பலகையில் டக் என்று சத்தம் கேட்டது. பதினாறு ஐம்பது.

மேற்கம்மா ஐம்பது நோட்டு பத்தொன்பதும் சில பத்து நோட்டும் எண்ணித் தையலம்மாவிடம் கொடுத்தாள். தையலம்மா அதை எண்ணவில்லை. அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள். தராசுக்காரரின் வலது கை தூக்கிக்கொண்டது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு மெஷின் கடைவரை நடந்தார்.

மெஷின் கடைக் காசாளர் இருமுறை எண்ணிவிட்டு ஒரு பத்தைத் திருப்பித் தந்தார். நான்கு பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. புது நோட்டு, ஒட்டிக்கொண்டிருந்தது.

மெஷின் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தராசுக்காரர் அந்தப் பத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடுத்தவர் எடையில் கூடுதலாக வந்தது. அதை வைத்துக்கொண்டு அவரால் விமானம் ஏற முடியாது.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க," என்றாள் தையலம்மா.

"அந்தம்மாகிட்ட குடுத்தா, அவங்க எண்ணினது தப்புன்னு சொல்ற மாதிரி."

"அவர்கிட்ட குடுத்தா?"

"அவர் அன்னைக்கு எண்ணினதுதான் சரின்னு சொல்ற மாதிரி. அந்தக் குடும்பம் அதோட முடிஞ்சுது."

"அது உங்க பாடு. நாலு நாளா மூட்டினது நீங்க."

"இன்னைக்கு மூட்டினது யாரு?"

தையலம்மா பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

தராசுக்காரர் கிழக்குக் கடைக்கே போனார். கூட்டம் இன்னும் கலையவில்லை. பத்தைக் கவுண்டரில் வைத்து நடந்ததைச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கிழக்காரின் முகத்தில் மூன்று மாதத்து வழக்கில் தீர்ப்பு வந்த களை வந்தது. "பாத்தீங்களா. அன்னைக்கும் இதேதான். புது நோட்டுன்னா அவ விரலுக்கு ஒட்டிக்கும். பத்துப் பத்தா போகுது, நான் கேட்டா தப்பு." நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். எதிர்க் கடையைப் பார்த்தார். மேற்கம்மா பலகைக்குக் கீழே, டிபன் கேரியர் இல்லாமல், பசியோடு உட்கார்ந்து வரிசைக்கு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்கடுக்கும் கிழக்கார் பக்கமே இருந்தது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். பத்தை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"ஐயா, அங்க போய் ஒண்ணு சொல்லுங்க. நீங்க குடுத்த பணத்தை மெஷின் கடையில ரெண்டு தடவை எண்ணினாங்க, ஒரு பைசா வித்தியாசமில்ல, சுத்தமா இருந்துச்சுன்னு. அவ்வளவுதான். உங்க கைச்சரக்கு எதுவும் சேக்க வேண்டாம்."

தராசுக்காரர் தெருவைக் கடந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் பொய்யான எடைக்கு ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. சேதியைச் சொன்னார், சொன்னபடியே. நாக்கு நுனியில் ஒரு 'உம்' வந்து நின்றது. அதைக் கடித்து விழுங்கினார்.

"அவர் எண்ணிப் பாத்தாராமா?" என்றாள் மேற்கம்மா.

"இல்லம்மா. நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டார். சாப்பாடு ஆறிப் போகுதாம்."

கடைசியில் இருப்பது சேதியில் இல்லை. ஆனால் அது உண்மை. டிபன் கேரியரை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

மேற்கம்மா எழுந்தாள். பதினாறிலிருந்து ஆறைக் கழற்றிவிட்டு ஐந்தை ஒட்டினாள். எதிரிலும் டக் என்றது. வரிசை முழுவதும் ஒரே குரலில் முனகியது. எட்டாம் நம்பர் ஓட்டுநர் மணியைப் பார்த்துவிட்டுப் பேருந்தை நோக்கி ஓடினார்.

தராசுக்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பத்தொன்பதாவது கடைக்கு நேராக 'எடை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தாவது கடை.

"என்னத்த எழுதுறீங்க?" என்றாள் தள்ளுவண்டியோடு பின்னாலேயே வந்திருந்த தையலம்மா.

"ஆபீஸ் விஷயம்."

வரிசையின் கடைசியில் பணக்கட்டோடு ஏமாந்து நின்ற டாக்சிக்காரர் அவரை ஓரமாக இழுத்தார். "ஐயா, இனி எப்ப ஏறும்?"

"நாளைக்குக் காலையில நாங்க ஊருக்குப் போறோம் தம்பி," என்றார் தராசுக்காரர். பிறகு டாக்சிக்காரரின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, காதருகே குனிந்தார். "புது நோட்டு வர்ற நாளா பாத்துட்டு வாங்க."